பழைய எண் 1561

என்னுடைய முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட அது எனக்கு மரியாதை. தென் ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர். அங்கே கல் பாவிய ஒரு சந்தில் ஆறாம் நம்பர் வீட்டைத் தேடி மேலும் கீழுமாக அலைந்துகொண்டிருந்தேன். ஒரு வீட்டின் வாசல் நிலைக்கு மேலே, மரத்தில் செதுக்கி, பெரிதாக 1561 என்று இருந்தது. அடுத்த வீட்டில் 1604. எதிர் வீட்டில் 1588. ஒழுங்குக்குப் பேர்போன ஜெர்மன்காரர்கள் கதவு எண்ணை மட்டும் கலைத்துப்போட்ட சீட்டுக்கட்டு மாதிரி வைத்திருக்கிறார்களே என்று எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். இனி யாராவது எங்கள் ஊர் நகராட்சியைக் குறை சொல்லட்டும், பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம்தான் அந்த 1561 வீட்டின் ஓரத்தில், கொடி படர்ந்த இடத்தில், உள்ளங்கை அகல நீலத் தகட்டில் 6 என்று எழுதியிருப்பது கண்ணில் பட்டது. உடனே எல்லாம் விளங்கிவிட்டது. ஜெயங்கொண்டத்தில் எங்கள் தெருவிலும் எல்லா வீட்டுக்கும் இரண்டு எண் உண்டு. ஆக, புதிய எண் 6, பழைய எண் 1561.

கதவைத் திறந்தவர் வீட்டுக்காரம்மாள் ஃப்ரௌ கெல்லர். எழுபதைத் தாண்டியவர், ஒல்லியாக, சாயாமல் நட்ட கம்பு மாதிரி இருந்தார். நான் வணக்கம் சொன்ன கையோடு நிலையைச் சுட்டிக்காட்டி, கடையில் பால் வாங்கப் போதுமான என் ஜெர்மனில், “இது பழைய எண்தானே?” என்று கேட்டேன். “ஆமாம், மிகவும் பழையது” என்றார் பெருமையாக. எங்கள் இருவருக்கும் இடையே அப்படிப் பூரணமான உடன்பாடு அதற்குப் பிறகு ஒருமுறைகூட ஏற்படவில்லை.

அது வீடு கட்டிய வருஷம் என்று உள்ளே போன பிறகு அவரே சொல்லித்தான் தெரிந்தது. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்தான். எங்கள் பக்கத்திலும் வீட்டு நெற்றியில் சிமென்டில் வருஷம் போடுவார்கள். எங்கள் அப்பா கட்டிய வீட்டில் இரண்டு கிளிக்கு நடுவே 1988 என்று போட்டிருந்தது. 1988 என்றால் வருஷம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 1561 என்றால் யாருக்குத் தோன்றும்? அந்த 1988 வீட்டையும் அப்பா கால் நூற்றாண்டுகூட விட்டுவைக்கவில்லை. “வூடு ரொம்பப் பழசாப் போச்சுப்பா, பொண்ணு குடுக்க வரவங்க என்ன நெனப்பாங்க” என்று எனக்குப் பெண் பார்க்கும் வருஷத்தில் இடித்தார். இடிக்க வந்த ஆட்கள், சுவர் அசையவே மாட்டேன் என்கிறது என்று இரண்டு மடங்கு கூலி கேட்டார்கள். அப்பா அதையும் பெருமையாகத்தான் ஊரில் சொல்லிக்கொண்டார்.

யோசித்துப் பார்த்தால் எங்கள் பக்கத்தில் மொத்தமே இரண்டு யுகம்தான்: ஒன்று ‘அந்தக் காலம்’, இன்னொன்று ‘இப்ப’. கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் அந்தக் காலம். எங்கள் பள்ளிக்கூடத்து ஓட்டுக் கட்டடமும் அந்தக் காலம். முதலாவதற்கு ஆயிரம் வயது, இரண்டாவது என் பெரியப்பா கொத்தனாராக நின்று கட்டியது என்பதெல்லாம் யாருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நான் பரீட்சைக்குப் படித்தது அந்தக் கோயில் புல்வெளியில்தான். நந்தியின் நிழல் நகர நகர நானும் புத்தகத்தோடு நகர்வேன். ஒருநாளும் அண்ணாந்து பார்த்து ‘அடேயப்பா, ஆயிரம் வருஷம்’ என்று வியந்ததில்லை. சாமி இருக்கிற வீடு எத்தனை பழசாகவும் இருக்கலாம். மனுஷன் இருக்கிற வீடு முப்பது வருஷம் தாண்டினால் அவமானம். இதுதான் எங்கள் சட்டம். ஐரோப்பாவுக்கு வந்தால் மனுஷர்கள் சாமி வீட்டு வயசில் குடியிருக்கிறார்கள். அதை வாடகைக்கும் விடுகிறார்கள்.

அந்த வாடகை வீடு எனக்குக் கிடைத்தே ஆகவேண்டிய நிலைமை. ரெட்டிபாளையம் பக்கம் சிமென்ட் ஆலையில் ஷிப்ட் இன்ஜினியராக இருந்தவன் நான். இப்போது இங்கே, கல் அரைக்கும் எந்திரங்களுக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை. கம்பெனி கொடுத்த ஒற்றை அறையில், அடுப்பும் கட்டிலும் கைகோத்து நிற்கும் இடத்தில் இருந்தேன். மனைவி சுமதியும் ஐந்து வயது மகளும் குன்னத்தில் மாமியார் வீட்டில். அவர்களுக்கு விசா வேண்டுமென்றால், குடும்பம் குடியிருக்கப் போதுமான வீடு இருக்கிறது என்று வாடகை ஒப்பந்தத்தைக் காட்ட வேண்டும். வீடோ கிடைக்கிறதாக இல்லை. ஒரு வீட்டைப் பார்க்கப் போனால் வாசலில் ரேஷன் கடை மாதிரி வரிசை நிற்கும். நமக்கு முன்னால் நிற்பவர் வங்கி மேனேஜர், பின்னால் நிற்பவர் பல் டாக்டர்.

ஃப்ரௌ கெல்லரைப் பற்றிச் சொன்னது என்னோடு வேலை செய்யும் ஒருவர். கூடவே ஓர் எச்சரிக்கையும் கொடுத்தார். “அந்த அம்மாளுக்கு நிறம், நாடு எதுவும் கணக்கில்லை. ஆனால் வந்து வந்து போகிறவர்களுக்கு மட்டும் வீட்டைத் தரமாட்டார்.” எனக்குச் சிக்கலே அங்கேதான். ஏனென்றால் பள்ளிக்கூட டீச்சரான சுமதி இங்கே வர ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். “எனக்கு ஸ்கூல்ல ரெண்டு வருஷந்தாங்க லீவு. ரெண்டு வருஷம் முடிஞ்சதும் வந்துரணும். மனைல வூடு கட்டணும். அதுக்கு மேல ஒரு நாள்னாலும் கேக்காதீங்க.” நானும் சரி என்று பாப்பா தலையில் கைவைக்காத குறையாக ஒப்புக்கொண்டிருந்தேன்.

ஃப்ரௌ கெல்லர் வீட்டைச் சுற்றிக் காட்டினார். பக்கத்து வீட்டில் அவர் குடியிருப்பு. இது அவர் கணவர் வழி வந்த வீடு. சுவர் முழுக்கச் சட்டமிட்ட மரம். மரத்துக்கு நடுவே வைக்கோல் கலந்த மண். கூரை கையை நீட்டினால் தட்டும். மேசைமேல் தட்டில் ஆப்பிள் வைத்திருந்தார். எனக்கு ஒன்றை எடுத்துக் கொடுக்கும்போது இன்னொன்று கீழே விழுந்து, யாரும் தள்ளாமலே ஜன்னல் வரைக்கும் உருண்டுபோய் நின்றது. தரை அவ்வளவு சாய்மானம். “இந்த உத்தரத்தில் ஆணி அடிக்க நினைத்தால் முதலில் என்னைக் கேட்க வேண்டும். நான் புராதனச் சின்னத் துறையைக் கேட்பேன்” என்றார். காலண்டர் மாட்டக்கூட அரசாங்க அனுமதியா என்று நினைத்துக்கொண்டு, மரியாதையாகத் தலையாட்டினேன்.

தலையாட்டியதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் 1561, 1561 என்று நாலைந்து முறை அவர் சொன்னதும் எனக்குள் இருந்த ஜெயங்கொண்டத்தான் விழித்துக்கொண்டான்.

“எங்கள் ஊர்க் கோயிலுக்கு ஆயிரம் வயது” என்றேன்.

“எங்கள் தேவாலயத்தின் நிலவறைக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான்” என்றார்.

சமன். நான் விடுவேனா? “எங்கள் ஊருக்கு அடியில் ஒரு கடலே இருக்கிறது. டைனோசர் காலத்துக் கடல். அரியலூர்ப் பக்கம் மண்ணைத் தோண்டினால் கல்லாகிப்போன நத்தையும் சிப்பியும் வரும்.”

முதல் தடவையாக அவர் கண் விரிந்தது. “அற்புதம். அதையெல்லாம் என்ன செய்கிறீர்கள்?”

“அரைத்து சிமென்ட் ஆக்குகிறோம்.”

அறையில் நிலவிய அமைதியில் அந்த ஆப்பிள் இன்னும் கொஞ்சம் உருண்ட மாதிரி இருந்தது.

அந்த அமைதியைச் சரிக்கட்டத்தான் நான் வாழ்க்கையின் பெரிய தவறைச் செய்தேன். ஜன்னலோரம் மண் பூச்சு உதிர்ந்து வைக்கோல் தெரிந்தது. எங்கள் பக்கத்தில் சிமென்ட் ஆலைக்காரன் ஒருவன் ஒரு வீட்டுக்குப் போய், விரிசலைப் பார்த்துவிட்டுச் சும்மா வந்தால் அது மரியாதை இல்லை. ‘ரெண்டு மூட்டை அனுப்பிவைக்கிறேன், பூசிருங்க’ என்று சொல்லவேண்டும். சம்பந்தி வீட்டு விரிசல் என்றால் மூன்று மூட்டை. எங்கள் ஊரில் பாசத்துக்கு அதுதான் அளவு. நான் கெல்லர் அம்மாளிடம் நெஞ்சில் கைவைத்துச் சொன்னேன்: “கவலைப்படாதீர்கள். ஒரு சனிக்கிழமை என் கையாலேயே இந்தச் சுவர் முழுவதும் நல்ல கெட்டியான சிமென்ட் பூசித் தருகிறேன். இலவசம்.”

அவர் ஓரடி பின்னால் போய், சுவரில் முதுகைச் சாய்த்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். பிள்ளை பிடிக்கிறவனைக் கண்ட தாய் அப்படித்தான் நிற்பாள். “சிமென்டா?” என்றார். அந்தச் சொல்லை அவ்வளவு அருவருப்போடு ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் குடும்பமே அதில் சோறு தின்றது. சிமென்ட் பூசினால் ஈரம் வெளியே போகாது, மரம் உள்ளுக்குள்ளே அழுகும், சந்தின் கோடியில் ஒரு வீடு அப்படித்தான் செத்தது என்று விளக்கினார். மரணச் செய்தி சொல்லும் குரல். இங்கே மண்ணும் சுண்ணாம்பும் மட்டும்தான் படலாம் என்றார். பிறகு கதவுப் பக்கம் நடந்தபடி, “உங்களுக்குத் தகவல் சொல்கிறேன்” என்றார். புலம்பெயர்ந்தவர்களுக்கு அதன் பொருள் தெரியும். நம்மூரில் பெண் பார்த்துவிட்டு ‘ஊருக்குப் போயி சொல்றோம்’ என்பார்களே, அது.

சுமதியின் முகம் கண்முன் வர, மனசு கனத்து, குனிய மறந்து, வாசல் நிலையில் மடேரென்று முட்டிக்கொண்டேன். 1561-இல் ஜெர்மன்காரர்கள் என் தோள் உயரம் இருந்திருக்க வேண்டும். பொறி பறந்தது. வலியைவிட எனக்கு வேறு ஒன்றுதான் உறைத்தது. கிளம்பும்போது தலை இடித்தால் அப்படியே போகக்கூடாது. உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போகவேண்டும். பி.இ. படித்திருக்கிறேன், விமானத்தில் கடல் தாண்டியிருக்கிறேன். ஆனால் இதை மீறும் துணிச்சல் இன்றுவரை வரவில்லை. திரும்பி நடந்து, மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்து, “ஒரு கிளாஸ் தண்ணீர் கிடைக்குமா?” என்றேன்.

வெளியே அனுப்பிய ஆள் உள்ளே வந்து உட்கார்ந்ததும் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். கேஸ் அடைத்த தண்ணீர். சோடாவாக இருந்தாலும் சாஸ்திரம் சாஸ்திரம்தான் என்று குடித்தேன்.

“டாக்டரைக் கூப்பிடட்டுமா?”

“வேண்டாம். நன்றாக இருக்கிறேன்.”

“கண் மங்குகிறதா? வாந்தி வருகிறதா?”

“இல்லை.”

“பிறகு ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள்?”

“போகும்போது தலை இடித்தால் எங்கள் ஊரில் உடனே போகமாட்டோம்.”

“யார் சொன்னது?”

யோசித்தேன். “எல்லோரும்.”

“எவ்வளவு நேரம் உட்கார வேண்டும்?”

“அப்படிக் கணக்கு ஒன்றும் இல்லை.”

இதுதான் அவரை மிகவும் தொந்தரவு செய்தது. கணக்கில்லாத விதி என்று ஒன்று இருக்க முடியுமா என்பதுபோல என்னைப் பார்த்தார். நின்றுகொண்டே காத்திருக்க முடியாமல் அவரும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இருவரும் அந்த நிலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நடுவில் மரம் லேசாக வழவழப்பேறி மின்னியது. முட்டிய தலைகளின் எண்ணெயாம். “என் கணவரும் நாற்பது வருஷம் இதில் முட்டிக்கொண்டார். ஒவ்வொரு தடவையும் திட்டிக்கொண்டே போய்விடுவார். ஒருநாளும் உட்கார்ந்ததில்லை” என்றார். பிறகு சட்டென்று, “உங்கள் மனைவி எவ்வளவு உயரம்?” என்று கேட்டார்.

“இந்த வாசலில் குனியவே வேண்டாம்” என்றேன். என் வாயிலிருந்து அன்று வந்த ஒரே உருப்படியான வாக்கியம் அதுதான். “அவரைப் பார்க்க வேண்டும்” என்று தன் வீட்டு வைஃபையை என் போனில் இணைத்துக் கொடுத்தார். இங்கே காலை பதினொன்றேகால். குன்னத்தில் மதியச் சாப்பாடு முடிந்து, சின்ன வெங்காயக் குவியலுக்கு முன்னால் மாமியாரும் சுமதியுமாக உட்கார்ந்து காய்ந்த தாளை அரிந்துகொண்டிருந்தார்கள். வீடியோவில் சுமதியின் முகம் வந்ததும் அவள் முதல் கேள்வி:

“என்னங்க, வூடு கெடச்சுதா இல்லியா?”

“அந்தம்மா பக்கத்துலதான் இருக்காங்க. கொஞ்சம் சிரி.”

“எதுக்குச் சிரிக்கணும்? ஏதாச்சும் பேசித் தொலச்சுட்டீங்களா?”

“என்ன சொல்கிறார்?” என்றார் ஃப்ரௌ கெல்லர்.

“வீடு மிகவும் அழகாக இருக்கிறது என்கிறார்.”

“நீங்கள் இன்னும் வீட்டைக் காட்டவே இல்லையே.”

அவசரமாகப் போனைத் திருப்பிச் சுவர், கூரை, ஜன்னல் என்று காட்டினேன். “போன நேராப் புடிங்க, எல்லாம் சாஞ்சு சாஞ்சு தெரியுது” என்றாள் சுமதி.

“நேராத்தான் புடிச்சிருக்கேன். வூடுதான் சாஞ்சிருக்கு.”

அதற்குள் மாமியார் தலையை நீட்டினார். “மாப்ள, சாப்டாச்சுங்களா? யாரு அந்த வெள்ளக்காரம்மா? சாப்டாங்களான்னு கேளுங்க.” இதை மட்டும் அட்சரம் பிசகாமல் மொழிபெயர்த்தேன். ஃப்ரௌ கெல்லர் கடிகாரத்தைப் பார்த்தார். “இல்லை. பன்னிரண்டரைக்குச் சாப்பிடுவேன். ஏன் கேட்கிறார்?” என்று கவலையோடு கேட்டார். “சாப்டலியாம்” என்று நான் குன்னத்துக்குச் சொன்னதும், “அடப் பாவமே, இந்த வயசுல பட்டினியா” என்று அங்கே ஒரு பெருமூச்சு. இரண்டு கண்டங்களுக்கு நடுவே இப்படியாக அனுதாபம் பரிமாறப்பட்டுக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கேள்வி வந்தது. கெட்டிக்கார அம்மாள் என்னைக் கேட்கவில்லை.

“எவ்வளவு காலம் இங்கே இருப்பதாக உத்தேசம்? உங்கள் மனைவியைக் கேட்டுச் சொல்லுங்கள்.”

கேட்டேன். என்ன பதில் வரும் என்று தெரிந்தும் கேட்டேன்.

“எத்தன தடவதாங்க சொல்றது? ரெண்டு வருஷம்” என்ற சுமதி, எனக்கு மறுபடியும் சந்தேகம் வரக்கூடாதென்று வெங்காயச் சருகு ஒட்டிய இரண்டு விரலைத் திரைக்கு முன்னால் நிமிர்த்திக் காட்டினாள். விரலுக்கு மொழிபெயர்ப்பாளன் தேவையில்லை.

“இரண்டு?” என்றார் ஃப்ரௌ கெல்லர். புருவம் மேலே போனது.

இரண்டு வருஷம் என்று சொன்னால் வீடு போச்சு. வீடு போனால் விசா போச்சு. இன்னொரு வருஷம் பாப்பாவைக் கைபேசித் திரையில் வளர்க்க வேண்டும். அவளுக்கு முன்பல் விழுந்ததையே நான் திரையில்தான் பார்த்தேன். கறுப்பாக ஒரு சதுரம், சிக்னல் கோளாறு என்று நினைத்தேன். என் வாய் என்னைக் கேட்காமலே திறந்தது.

“ஆமாம். இரண்டு தலைமுறை.”

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் இதைச் சொல்லியிருந்தால் டீக்கடைக்காரர்கூடச் சிரித்திருப்பார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. முழம், சாண் மாதிரி தலைமுறையும் இந்தச் சந்தில் ஓர் அளவைதான் போலிருக்கிறது. கூரையை அண்ணாந்து பார்த்து மனசுக்குள் ஏதோ கணக்குப் போட்டார். “அப்படியானால் கூரை ஓடுகளை உங்கள் மகள் காலத்தில் மாற்றவேண்டி வரும். அவளுக்கு இப்போதே சொல்லிவையுங்கள்” என்றார்.

“என்ன சொன்னீங்க? அந்தம்மா ஏன் தலய ஆட்டுறாங்க?” என்றாள் சுமதி.

“ரெண்டுன்னு சொன்னேன்.”

“வருஷம்னு சொன்னீங்கள்ல?”

“இங்க டவர் சரியா இல்ல, அப்பறம் பேசறேன்” என்று அணைத்தேன். அவர் வீட்டு வைஃபை, போனின் நெற்றியில் முழு விசிறியாக விரிந்திருந்தது. நல்லவேளை, அந்தப் பொய் தமிழில் சொல்லப்பட்டது.

மறு வாரம் ஒப்பந்தம் வந்தது. சிமென்ட், ஜிப்சம், ஆணி இவற்றை எல்லாம் விலக்கித் தனியாக ஒரு பத்தி எனக்காகவே சேர்த்திருந்தார். முடிவு தேதி என்ற இடத்தில் தேதி இல்லை. காலவரையற்றது என்று இருந்தது. இங்கே எல்லா வீட்டுக்கும் அப்படித்தானாம். ஆனாலும் அந்த ஒரு சொல்லை இரண்டு முறை படித்தேன். சாவியை வாங்கிக்கொண்டு, நாற்காலிகூட இல்லாத வீட்டில், சாய்ந்த தரையில் சாயாமல் நிற்கப் பழகிக்கொண்டிருந்தேன். ஜெயங்கொண்டத்தில் எங்கள் மனையில் நாலு மூலைக்கு நாலு கல் நட்டிருக்கிறது. நடுவே வேலிகாத்தான் முளைத்திருக்கும். சுமதி அங்கே பதிக்கப்போகும் டைல்ஸின் படத்தை அன்று காலைதான் அனுப்பியிருந்தாள். நான் கையெழுத்துப் போட்டிருக்கும் இந்த வீடு நான் போன பிறகும் நிற்கும். நான் அங்கே கட்டப்போகும் வீட்டை, ரொம்பப் பழசு என்று பாப்பா ஒருநாள் இடிப்பாள். இரண்டுக்கும் நடுவே உருப்படியாகப் பழசாகிக்கொண்டிருப்பது நான் ஒருவன்தான்.

விசாவுக்கான காகிதங்களை அனுப்பிவிட்டேன் என்று சொல்லப் போன் செய்தேன். சுமதி சந்தோஷமாக இருந்தாள். பாப்பாவுக்கு ஸ்வெட்டர் வாங்கப் பெரம்பலூர் போகவேண்டும், அங்கே கிடைக்காவிட்டால் திருச்சி என்று பேசிக்கொண்டே போனாள். அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றியது.

“கோவப்படாமக் கேளு. அந்தம்மாகிட்ட நான் ரெண்டு வருஷம்னு சொல்லல. ரெண்டு தலைமுறைன்னு சொல்லிட்டேன். எழுதிக் கையெழுத்தும் போட்டாச்சு, அதுல முடிவே கெடையாது.”

அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் விட்டது. இன்னொரு விசிலும் வந்துவிட்டால் தாங்கமாட்டேன் என்று நானே கேட்டேன்.

“இப்ப என்ன பண்றது, சொல்லு?”

“ரெண்டு தலைமுறையும் நீங்களே இருந்துட்டு வாங்க.”